கூட்டிச் சொன்ன வயசு

செட்டியார்பட்டி நைட்டி தைக்கிற ஷெட்டில் பேச்சு என்றாலே கத்துவதுதான். பத்து மிஷினும் ஓவர்லாக்கும் ஒன்றாக ஓடும்போது பக்கத்து ஆளிடம் கத்தரிக்கோல் கேட்பதற்கே தொண்டை வற்றிவிடும். அதனால் ஜீப் வந்து நின்றது யார் காதிலும் விழவில்லை. வாசல் வெயிலை மறைத்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றதைப் பார்த்து முதலில் சீனியம்மாள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு மிஷினாக ஓய்ந்தது. கரண்ட் போனால்தான் ஷெட்டில் அப்படி ஓர் அமைதி வரும்.

"மாரீஸ்வரிங்கிறது யாரும்மா?"

மாரீஸ்வரி எழுந்தாள். ஜிப் வைப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக ஜிப் வைத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டும் வைப்பாள் என்று பேர் வாங்கியிருந்தாள். நாற்பது வயசுதான். இடுப்பு மட்டும் அறுபதைத் தாண்டிவிட்டது.

வந்தவள் பேர் ஜெயபாய். சமூகநலத் துறையில் ஊர்நல அலுவலர். கையில் ஒரு ஃபைலும் பாதி காலியான தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அந்த மாதத்தில் இது அவளுக்கு ஆறாவது கல்யாணம், நிறுத்துகிற கணக்கில். முகத்தில் அதிகாரத்தைவிட அசதிதான் அதிகம் தெரிந்தது.

"ஒங்க மகளுக்குப் பன்னெண்டு நாள்ல கல்யாணமாமே? பதினெட்டு ஆகலைன்னு சைல்டு லைன் 1098க்குத் தகவல் வந்திருக்கு."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. எவளோ வயிற்றெரிச்சல்காரி போன் போட்டிருக்கிறாள், போடட்டும். கோயிலில் கல்யாணம் வைக்க வயசுச் சான்று கேட்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்து டி.சி.யை நாலு ஜெராக்ஸ் எடுத்துக் கூடையில்தான் வைத்திருந்தாள். ஒன்றை உருவி நீட்டினாள்.

"பாருங்க மேடம். போன மாசியோட பதினெட்டு முடிஞ்சிருச்சு. மாப்பிள்ளையும் வேத்தாளு இல்ல. என் கூடப் பொறந்த தம்பி. அவளுக்குத் தாய்மாமன்."

ஜெயபாய் தேதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியும் விட்டாள். அப்போது மூலையில், பிசிறு வெட்டப் போட்டிருந்த நைட்டிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றது.

"அது பொய் மேடம். நான்தான் போன் போட்டேன்."

சத்யப்பிரியா. மாரீஸ்வரியின் ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்து ஒரு வருடமாக அம்மாவோடு ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அதட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை. அது பத்து மிஷின்காரிகள் பார்க்க நின்று பேசியது.

"எனக்கு வார மாசியிலதான் பதினெட்டு. நாலு வயசுல என்னைய ஸ்கூல்ல சேக்கைல எங்கம்மா ஒரு வருசம் கூட்டிச் சொன்னா. அவளே எம்புட்டுத் தடவை சொல்லிச் சிரிச்சிருக்கா."

"ஏட்டி!"

மாரீஸ்வரி அதட்டிப் பார்த்தாள். பிள்ளை சொன்னது நிஜம். அப்போது புருஷன் சங்கையா மில் லாரியிலிருந்து விழுந்து செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளையை ஷெட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவாள். ஒருநாள் அது மிஷின் பக்கத்தில் நின்று, ஓடுகிற ஊசிக்கடியில் விரலைக் கொண்டுபோய்விட்டது. நகத்தோடு சேர்த்து ஊசி இறங்கியது. இனிமேல் பிள்ளையோடு வருவதானால் வரவேண்டாம் என்று ஷெட்காரர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். முடிந்துவிட்டது என்றாள். அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வயசு. வேலைக்குப் போகிற அம்மாக்காரி எந்த வருடத்தைச் சொல்கிறாளோ அந்த வருடம் பிறந்ததாகிவிடும்.

ஜெயபாய் மாரீஸ்வரியைப் பார்த்தாள். "என்னம்மா? பொண்ணு சொல்றது நிஜமா?"

"பிள்ள பயத்துல என்னமோ ஒளறுது மேடம். அதுல என்ன போட்டிருக்கோ அதான் வயசு."

சொன்னபோது மகளைப் பார்க்காமலிருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. சத்யா அழவில்லை, கோபப்படவுமில்லை. இதை எதிர்பார்த்ததுபோல ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் மாரீஸ்வரியைச் சுட்டது.

ஜெயபாய் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் வேப்ப மரத்தடியில் வைத்து அரைமணி நேரம் பேசினாள். திரும்பி வந்து ஃபைலை மிஷின் மேலேயே விரித்து எழுதினாள்.

"கல்யாணம் வேண்டாங்குது. வீட்டுக்கு வரவும் பயப்படுது. அதனால ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொண்ணுங்க இல்லத்துல கொண்டுபோய் விடுறேன். திங்கக்கிழமை அங்கயே குழந்தைகள் நலக் குழு உக்காருது. நீங்க வரணும்."

"அவளுக்குப் பதினெட்டு ஆயிருச்சுங்கேன்..."

"ஆயிருந்தா எங்க குழுவோட பொறுப்பு அன்னைக்கே முடிஞ்சிரும். பொறவு அது வேண்டாம்னா அதுவா போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். ஒங்க வீட்டுல, ஒங்க சோத்தத் தின்னுக்கிட்டு, பெத்தவளுக்கு எதிரா அது எப்பிடிப் போய் எழுதிக் குடுக்கும்? நீங்களே சொல்லுங்க." பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். "ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரத் தேடலாம். பேர் வைக்காமப் பதிஞ்சதுன்னு பொண்ணு சொல்லுது. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில அந்த மாசம் எத்தன சங்கையாவுக்கு எத்தன பொம்பளப் பிள்ள பொறந்துச்சோ? தேடி முடிக்கைல கல்யாணம் முடிஞ்சிரும். ஒங்ககிட்டச் சர்டிபிகேட் இருந்தா எடுத்துட்டு வாங்க. இருக்கா இல்லையாங்கிறது ஒங்களுக்குத்தான தெரியும்."

இருந்தது. தகரப் பெட்டியில், சங்கையாவின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் தம்பி சிவபாண்டி வீட்டுக்கு வந்தான். இருபத்தெட்டு வயசு. சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறான். ஷெட்டுகளிலிருந்து நைட்டிப் பண்டல் ஏற்றுவான், ஆனி மாதத்தில் மாங்காய் ஏற்றுவான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இந்த வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றியதிலிருந்து ஓடு மாற்றியதுவரை அவன்தான். அவனைக் குறை சொல்ல நாக்கு வராது, அதுதான் இந்தச் சங்கடத்திலேயே பெரிய சங்கடம்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"மாங்கா மண்டியில வச்சு ஒருத்தன் கேக்கான். என்னலே, ஒன் அக்கா மகளே ஒன்னைய வேண்டாம்னு ஜீப்பு ஏறிட்டாளாமேங்கான். நான் என்னக்கா சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. ரெண்டு நாள்ல தெளிஞ்சிருவா. சின்னப் பிள்ள."

"சின்னப் பிள்ளன்னு வெளிய சொல்லிறாத, தாயி. அதுக்குத்தான இம்புட்டுப் பாடு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் அவள அடிச்சனா, வஞ்சனா? காது குத்துனது என் மடியில வச்சு. சடங்குக்கு இருவத்தோரு தட்டுச் சீரு கொண்டாந்தேன். அவ ஒக்காந்த குச்சிலுக்கு ஓலை முடைஞ்சது நானு. உரிமைக்காரன்னு ஊரே சொல்லுது. அவளுக்கு மட்டும் நான் எப்ப வேத்தாளாப் போனேன்?"

"வேத்தாளுன்னு சொல்லலப்பா அவ."

"பொறவு என்ன சொன்னா?"

மாரீஸ்வரி அடுப்பைப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பரியம் போட்டு நிச்சயம் செய்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சத்யா மெதுவாகச் சொன்னாள்: எனக்கு மாமாவ மாமாவாத்தான் தெரியுதும்மா. எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும், சாப்பிடு என்று இவள் சொன்னாள். அதன்பிறகும் இரண்டு தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவை சோற்றுக்கு வெஞ்சனம் போதுமா என்று கேட்டு இவள் பேச்சை மாற்றினாள். இன்னொரு தடவை காதில் விழாததுபோல இருந்துவிட்டாள்.

"திங்கக்கிழமை நானே ஒன்னைய வண்டில கூட்டிட்டுப் போறேன்," என்றான் சிவபாண்டி. "அந்த டி.சி.ய நீட்டு. அதான் வயசுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்த பேச வேண்டாம். அம்புட்டுதான்."

"அதிகாரிமாரு முன்னால பொய் சொல்லச் சொல்லுதியேப்பா."

அவன் நிமிர்ந்தான். அதுவரை இல்லாத குரல் வந்தது.

"பொய்யா? நீ சொல்லாத பொய்யாக்கா? அத்தான் செத்த மூணாம் மாசம் என்னைய மில்லுக்குக் கூட்டிட்டுப் போனியே, நெனப்பிருக்கா? எனக்குப் பதினாலு. ஒம்பதாங்கிளாஸ் காப்பரிச்ச எழுதிட்டு லீவுல இருந்தேன். மேஸ்திரிகிட்டப் பதினெட்டுன்ன. மீசையே இல்லையேம்மான்னான் அவன். எங்க வம்சத்துக்கே மீச லேட்டாத்தான்யா மொளைக்கும்னு சொன்ன. அவனும் சிரிச்சான், நீயும் சிரிச்ச."

"சிவா..."

"பஞ்சு மூக்குல ஏறி நாலு மாசம் இருமுனேன். பள்ளிக்கூடத்துப் பயலுவ மில் கேட்டு முன்னாடி சைக்கிள்ல போவானுவ, நான் தலையத் திருப்பிக்கிடுவேன். போவட்டும். அக்கா வீடு, கைப்பிள்ள இருக்குன்னு போனேன். அத நான் ஒரு நா சொல்லிக் காட்டிருக்கனா? அப்ப ஒருத்தரும் ஜீப்புல வரலியே. அவளுக்குன்னா ஓடி வாராவ. எனக்கு யாருக்கா போன் போட்டா?"

மாரீஸ்வரிக்கு இடுப்பு வலி, தலைவலி எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. இத்தனை வருடத்தில் அவன் இதைப் பேசியதே இல்லை. பேசாததால் அவன் மறந்துவிட்டான் என்று அவளும் வசதியாக நினைத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கொடுத்தால் அவனுக்குச் செய்ததெல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் ஓடியதும் இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் கோபத்தோடேயே சாப்பிட்டான். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மாரீஸ்வரி பதினோரு நைட்டிக்கு ஜிப்பை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறவள் கண்ணைத் திறந்துகொண்டே வைத்தது அது. ஷெட்காரர் பார்ப்பதற்குள் சீனியம்மாள் அள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தாள். சாப்பாட்டு நேரம். சப்பட்டை மாங்காயைக் கீறி உப்பும் வத்தல் பொடியும் தூவி வைத்திருந்தார்கள். மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது. காற்று மட்டும் ஷெட்டுக்குள் வந்து நூல் பிசிறையெல்லாம் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

"இதப் போட்டுக்கிட்டு எந்த மகராசி முதுகுல கைய விட்டு ஜிப்பு இழுப்பா?" என்றாள் சீனியம்மாள். மாரீஸ்வரி சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுது மாரி. ஒன் மக வாயில்லாப்பூச்சி. அது போன் போடுதுன்னா அதுக்கு முன்ன ஒங்கிட்ட எத்தன தடவ சொல்லிருக்கும்?"

"மூணு தடவ."

"எண்ணித்தான் வச்சிருக்கயா!"

"நேத்துத்தான் எண்ணுனேன்."

சீனியம்மாள் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். "எனக்குப் பதினாறுல கட்டிவச்சாவ. நானும் எங்க ஆத்தாகிட்டச் சொன்னேன். அவ செவிட்டுல ஒண்ணு விட்டா. எனக்கெல்லாம் அப்ப நம்பர் தெரியாது. இப்ப பள்ளிக்கூடப் புத்தகத்துலயே போட்டுக் குடுக்காவ." அடுத்த நைட்டியை எடுத்தாள். "நீ உண்மையச் சொன்னா ஒன்னைய உள்ள வச்சிருவாங்களோன்னு பயமா?"

"அது இல்லக்கா. உள்ள வச்சாக்கூட உக்காந்தாவது இருக்கலாம். இடுப்புக்கு நல்லது."

இதற்குச் சீனியம்மாள் சிரித்தாள். மாரீஸ்வரி மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போடாமலேயே கையில் வைத்திருந்தாள்.

"தம்பிய நெனச்சாத்தான். அவன வெறுங்கையோட அனுப்புதேனே."

"பிள்ள கைப்பொருளாடி, எடுத்துக் குடுக்கதுக்கு?" என்றாள் சீனியம்மாள்.

திங்கட்கிழமை காலையில் சிவபாண்டி சொன்னபடியே வந்தான். சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். மாரீஸ்வரி கூடையை எடுக்காமல் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ராஜபாளையத்தைக் கடந்தார்கள். அவன் வேலை பார்த்த பழைய மில் கேட் வந்தபோது ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டுதான் ஓட்டினான். தினமும் இந்த வழியாகப் போகிறவன். தினமும் இப்படித்தான் போவான் போலிருக்கிறது.

"சாப்பிட்டியாப்பா?"

"ம்."

சாப்பிட்டிருக்க மாட்டான். அவளும் சாப்பிடவில்லை. கோபுரம் தெரிந்ததும் இரண்டு பேரும் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருவரும் எதிரெதிரானதைத்தான் வேண்டியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியாது என்று நினைத்தாள்.

இல்லம் ஒரு பழைய வீடு. முற்றத்துக் கொடியில் பத்துப் பதினைந்து சுடிதார் காய்ந்தன. சிவபாண்டி வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டான். உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வஞ்சுளவல்லி தலைவி. பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இன்னும் அந்த நிதானம் இருந்தது. ஜெயபாய் சுவரோரம் நின்றாள். சத்யா எவளுடையதோ ஒரு தொளதொளத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் இளைத்துவிட்டாளா, சுடிதார்தான் பெரிதா என்று மாரீஸ்வரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கல்யாணம் ஏன் வேண்டாம்னு சொல்றே, கண்ணு? மேல படிக்கணும்னு ஆசையா?" என்று வஞ்சுளவல்லி கேட்டார்.

"தெரியல மேடம்."

"வேலைக்குப் போகணுமா?"

"அதும் தெரியல. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல. அது தெரியுறதுக்குக் கொஞ்ச நாளு வேணும். அதத்தான் கேக்கேன்." நிமிர்ந்து சொன்னாள். "மாமா நல்லவுக. மாமாவ எனக்கு மாமாவாத்தான் தெரியுது."

நான்காவது தடவை. இந்தத் தடவை அதை எழுதிக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா. மகள் பதினேழுங்கிறா. பள்ளிச் சான்றிதழ் பதினெட்டுங்கிறது. சட்டப்படி நாங்க முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான். அது தப்புன்னா தப்புன்னு சேர்த்தவங்க சொல்லணும்."

மாரீஸ்வரி சேலை மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அது டி.சி. இல்லை. மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த பிறப்புச் சான்றிதழ்.

"கூட்டித்தான் சொன்னேன். வார மாசிக்குத்தான் பதினெட்டு. அன்னைக்கும் பொய் சொன்னேன், வெள்ளிக்கெழம இந்த மேடத்துக்கிட்டயும் பொய் சொன்னேன்."

சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயபாய் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வஞ்சுளவல்லி தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். கல்யாணத்தை நிறுத்தவேண்டும். பதினெட்டு முடியும்வரை செய்யமாட்டேன் என்றும், முடிந்தபிறகும் பிள்ளை சம்மதமில்லாமல் செய்யமாட்டேன் என்றும் கையெழுத்துப் போடவேண்டும். மீறினால் வழக்கு. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். மாரீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட்டாள். போட்டபிறகும் எழுந்து போகவில்லை.

"இன்னும் ஏதாவது சொல்லணுமாம்மா?"

"இன்னொரு பிள்ளைக்கும் வயசக் கூட்டிச் சொல்லிருக்கேன்."

வஞ்சுளவல்லி பேனாவை மறுபடி எடுத்தார். "அது எத்தனை வயசுப் பிள்ளை?"

"பதினாலு. பதினெட்டுன்னு சொல்லி மில்லுல விட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டு இருந்த பிள்ள. நான் போவச் சொன்னேன், போயிட்டான். எதுத்து ஒரு வார்த்த பேசல."

"எந்த மில்? இப்ப எங்கே இருக்கான் அந்தப் பையன்?"

"வெளிய வண்டில உக்காந்திருக்கான். கல்யாண மாப்பிள்ளை அவன்தான்."

வஞ்சுளவல்லி பேனாவை மூடினார். தன் முன்னாலிருந்த தண்ணீர்ச் செம்பை மாரீஸ்வரி பக்கம் நகர்த்திவைத்தார். வேறு என்ன செய்வார், பாவம். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தெட்டு வயசு.

முற்றத்துக்கு வந்ததும் மாரீஸ்வரி மகளிடம், "வீட்டுக்கு வாரியாட்டி? நெசமாத்தான் கேக்கேன்," என்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. செத்த நாளு போவட்டும்."

"எம்மேல கோவமா?"

சத்யா யோசித்துப் பார்த்தாள். "கோவந்தான். ஆனா வெள்ளிக்கெழம இருந்த அம்புட்டு இல்ல." பிறகு கேட்டாள், "மாமா சாப்பிட்டாவளா?"

"இல்ல."

"வாங்கிக் குடும்மா."

வண்டி வெயிலில்தான் நின்றது. நிழலில் நிறுத்தக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. மாரீஸ்வரி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன். உள்ளதச் சொல்லிட்டேன்."

அவன் முகம் செத்துப்போனது. சாவியில் கையை வைத்தான், திருகவில்லை. "எனக்குத் தெரியும். நீ டி.சி. இருந்த கூடைய எடுக்காம வாரப்பவே தெரியும்," என்றான். பிறகு கசப்பாக, "அவளுக்காவது சொன்னியே," என்றான்.

"ஒன்னையவும் சொன்னேன்."

"என்னைய என்ன?"

"பதினாலு வயசுன்னு சொன்னேன். பதினெட்டுன்னு பொய் சொல்லி மில்லுல விட்டேன்னு சொன்னேன். ஒம்பதாங்கிளாஸ் படிச்சுக்கிட்டு இருந்தான்னு சொன்னேன்."

சிவபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதுனாவளா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. கேட்டுக்கிட்டாவ."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவள் சொல்லவில்லை. ஆம்பளப் பிள்ளை அழலாமா என்றும் சொல்லவில்லை. சங்கையா செத்த அன்றைக்கு அழுத பையனிடம், நீ அழுதா நான் என்ன செய்வேன், நீதான இனி ஆம்பளை என்று சொன்னவள் அவள். இன்றைக்கு அவன் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.